கண்டக்டர் ஏறிட்டாரு, டெம்போ வேணாம்

கண்ணு, நீயும் மருமகளும் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வெச்சுட்டு, ஃபேன் காத்துல உக்காந்தப்புறம் இதைப் படிங்க. நாலு பக்கத்துக்கு மேல போகும்போல இருக்குது. எழுதி முடிச்சதும் ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்து மருமக நம்பருக்கு வாட்ஸப்ல அனுப்புறேன். உன் நம்பருக்கு அனுப்பினா நீ முதல் பக்கத்தைப் பாத்துட்டு ஒரு கும்புடு பொம்மை போட்டு வுட்டுருவ. போன்லயும் அதே கதைதான். நான் பாதி சொல்றதுக்குள்ள மீதியை நீயே முடிவு பண்ணிக்குவ. பௌர்ணமி அன்னிக்கி சாயங்காலம் அப்படித்தான் ஆச்சு. நீ கேட்டது ஒண்ணு, நான் சொன்னது ஒண்ணு, நீ புரிஞ்சுக்கிட்டது வேற ஒண்ணு. இப்ப என்னடான்னா, ஞாயித்துக்கெழமைக்கு டெம்போ பேசியாச்சு, அம்மாவைப் பாத்திரமெல்லாம் கட்டி வெக்கச் சொல்லுன்னு மருமககிட்ட சொல்லி வுட்டிருக்க. முதல்ல அந்த டெம்போக்காரருக்கு ஒரு போனைப் போட்டு வர வேணாம்னு சொல்லு. ஏன் வேணாம்கிறதை நான் ஆற அமர சொல்றேன்.

ஆவணியில உன் கல்யாணம் முடிஞ்சு, மறுவீடு போயிட்டு வந்த அன்னிக்கி நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்குதா? "அம்மா, எனக்கும் குடும்பம்னு ஒண்ணு ஆயிடுச்சு. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் லீவு போட்டுட்டு சென்னையிலேந்து ஓடி வர முடியாது. இன்னும் ஒரே ஒரு தடவை கடையில டோக்கன் போடுற அந்த டச் ஸ்க்ரீன் நின்னுடுச்சுன்னா, கடையை மூடிட்டு எங்ககூட வந்துடணும். அடம் புடிக்கக்கூடாது." நான் சரின்னுட்டேன். மருமக பக்கத்துலயே நின்னுட்டு இருந்தா. வந்த முதல் வாரத்துலயே மாமியாரும் புள்ளையும் மல்லுக்கு நிக்கிறதை அந்தப் பொண்ணு பாக்க வேணாமேன்னுதான் சரின்னேன். ஆனா சரின்னா சரிதான். நான் சொன்ன சொல்லை மாத்துற ஆளு இல்லைன்னு உனக்குத் தெரியும். அதனாலதான் நீயும் அப்படிக் கேட்ட. கெட்டிக்காரன்டா நீ.

உன் மேல எனக்குக் கோவம் இல்லை. அம்மா ஒண்டியா கெடக்குறாளேன்னு நீ துடிக்கிறது புரியாம இல்லை. ஆனா இந்தக் கடை எனக்கு வெறும் இட்லி தோசை இல்லடா. உங்கப்பா வேலூர் ரூட்டு முடிச்சுட்டு வந்து, டிப்போவுல வண்டியை நிறுத்தி, சாவியை ஒப்படைச்சுட்டு, பெஞ்சுல சாஞ்சவரு எழுந்திரிக்கவே இல்லை. டிப்போவுலேந்து வந்த போனை எடுத்தது நான்தான். "டிரைவர் போயிட்டாரும்மா"ன்னாங்க. அதுக்கப்புறம் கொஞ்ச காலம் இந்த அடி அண்ணாமலையில எனக்கு ஒரே பேருதான், 'பாவம், டிரைவர் பொண்டாட்டி'. வீட்டு முன்னாடி கிரிவலப் பாதையைப் பாத்தாப்ல கொட்டகை போட்டு, தோசைக்கல்லை வெச்சு ரெண்டு வருஷம் ஆகுறதுக்குள்ள, அதே வாயெல்லாம் 'டிரைவரம்மா கடையில சாப்பிட்டியா'ன்னு பேச ஆரம்பிச்சுது. அந்த 'பாவம்' எங்க போச்சுன்னே தெரியல. உன் பிளாட்டுக்கு வந்தா நான் யாரு? மூணாவது மாடியில இருக்கிற அம்மா. லிப்டுல யாராவது கேட்டா அதைத்தான் சொல்லணும். எனக்கு அது வேணாம் கண்ணு. இதை அன்னிக்கே உன்கிட்ட நேரா சொல்லியிருக்கணும். சொல்லாம சரின்னது என் முதல் தப்பு.

இப்ப மெஷினுக்கு வரேன். மருமகளுக்குத் தெரியாதுங்கிறதால கொஞ்சம் முன்கதையும் சேத்தே சொல்றேன். வேங்கிக்கால் பக்கம் ஒரு கடையை மூடுறாங்கன்னு கேள்விப்பட்டு, பழைய கம்ப்யூட்டரும் டச் ஸ்க்ரீன் மானிட்டரும் நீதான் ஆட்டோவுல ஏத்திக்கிட்டு வந்த. அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும்னு, இட்லி, பொங்கல், தோசை, காபின்னு ஒவ்வொண்ணுக்கும் படம் புடிச்சு ஸ்க்ரீன்ல போட்டுக் குடுத்த. படத்தைத் தொட்டா டோக்கன் வரும். எனக்கு மாவு கையோட மவுஸைப் புடிச்சு ஓட்ட வராது. இது எனக்குன்னே செஞ்சாப்ல இருந்துச்சு. அன்னிக்கி நீ ஒரு சிடியைப் போட்டு என்னமோ ஏத்திக்கிட்டு இருந்த. இது என்னடான்னு கேட்டேன். "டிரைவர்மா"ன்ன. எனக்குச் சுருக்குன்னுச்சு. அதைக் காட்டிக்காம, டிரைவர்னா என்ன வேலை செய்யும்னு கேட்டேன். "ஸ்க்ரீன்ல எங்க தொட்டாங்கன்னு கம்ப்யூட்டருக்குத் தனியா தெரியாது. இதுதான் நடுவுல நின்னு அதுக்குப் புரியிற மாதிரி சொல்லும்"ன்ன. அப்ப நான் சொன்னேன் பாரு, "அடப் போடா, ஆளு ஏறுறதையும் எறங்குறதையும் பாத்து விசிலடிச்சு முன்னாடி இருக்கிறவருக்குச் சொல்றது டிரைவர் வேலையா? அது கண்டக்டர் வேலைடா!" நீ சிரிச்ச சிரிப்புல புரை ஏறிடுச்சு. அன்னியிலேந்து நம்ம வீட்டுல அதுக்குக் கண்டக்டர்னுதான் பேரு. நீயே போன்ல, "கண்டக்டர் எறங்கிட்டாரா பாரும்மா"ன்னுதான் கேப்ப.

இன்னொரு விஷயம் உனக்குத் தெரியாது. ரெண்டு வருஷமா ஒவ்வொரு தடவை மெஷின் நிக்கும்போதும் போன்ல நீ சொல்லிச் சொல்லி சரி பண்ண வெப்ப. "எத்தினி தடவைம்மா சொல்றது, காதுல வாங்கவே மாட்டியா"ன்னு கத்துவ. நான் காதுல வாங்காம இல்லடா. தோளுக்கும் காதுக்கும் நடுவுல போனை இடுக்கிக்கிட்டு, நீ சொல்றதை வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கிட்டு இருந்தேன். உங்கப்பாவோட பழைய டைரி ஒண்ணு, பாதிதான் எழுதியிருந்தாரு, மீதி பக்கம் காலியா கெடந்துச்சு. அதுல எழுதினேன். எழுதுற நேரத்துல நீ சொன்னது நின்னுடும், 'என்னா, என்னா, இன்னொரு தடவை சொல்லு'ன்னுவேன். அதுக்குத்தான் நீ கத்துவ. எழுதிக்கிட்டு இருக்கேன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. ஐம்பத்தாறு வயசுல இவ பரிச்சைக்குப் படிக்கிறாளாக்கும்னு நீ கிண்டல் பண்ணுவியோன்னு.

ஆயுத பூஜைக்கு வரேன். கிரைண்டர், அருவாமனை, தோசைக்கரண்டி எல்லாத்தையும் கழுவிப் பொட்டு வெச்சேன். மெஷினுக்கு வெக்காம வுட முடியுமா? சோறு போடுறதே அதுதானே. ஆனா நீ சொல்லியிருந்த, கண்ணாடி மேல எதையும் பூசக்கூடாதுன்னு. உன் பேச்சைத் தட்டல. கண்ணாடியை வுட்டுட்டு, சுத்தி இருக்கிற கறுப்புச் சட்டத்துல மட்டும் வெச்சேன். மேல நடுவுல மூணு விரல்ல பட்டையா சந்தனம், நாலு மூலைக்கும் பொட்டு, பூ. சந்தனத்துல பன்னீர் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு. அம்சமா இருந்துச்சு கண்ணு, உனக்குப் போட்டோ கூட அனுப்பினேன். நீயும் கும்புடு பொம்மை போட்ட.

மறுநாள் காலையில ஆரம்பிச்சுது பாரு. யாரும் தொடல, மெஷின் பாட்டுக்கு ஒரு டோக்கன் துப்புது. எடுத்துப் பாத்தா காபி. கிழிச்சுப் போட்டா இன்னொண்ணு. காபி. பொங்கலைத் தொட்டா பொங்கலோட ரெண்டு காபி சேந்து வருது. ஒரு பெரியவரு, "நான் காபியே குடிக்கிறதில்லைம்மா, டாக்டர் வேணாம்னுட்டாரு"ன்னு டோக்கனைத் திருப்பிக் குடுக்குறாரு. நிறுத்திப் போட்டா கொஞ்ச நேரம் ஒழுங்கா இருக்கும், அப்புறம் மறுபடியும் காபி. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? தோசைக்கல்லுல நிக்கிற சாந்தி மேல பாஞ்சேன். கடை ஆரம்பிச்ச நாளா என்கூட நிக்கிறவ. "எண்ணெய்க் கையோட நீதான் எதையோ அமுத்தியிருக்க, நான் இல்லாத நேரத்துல மெஷின்கிட்ட உனக்கு என்னா வேலை"ன்னு நாலு பேரு சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே கேட்டுட்டேன். அவ ஒண்ணுமே பேசல. எனக்குப் பயம்டா. மெஷின் போனா கடை போச்சு, கடை போனா நான் போனேன்னு ஒரு பயம். அந்தப் பயத்தை எங்கயாவது எறக்கணும், பக்கத்துல அவ இருந்தா. நடுவுல ரெண்டு தடவை நீ போன் பண்ணி, மெஷின் எப்படி இருக்குன்னு கேட்ட. ஜம்முனு ஓடுதுன்னேன். பொய்யும் சொல்லியாச்சு.

பௌர்ணமி அன்னிக்கிக் காலையில, இனிமே தாங்காதுன்னு டவுன்லேந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவரைக் கூப்பிட்டேன். மத்தியானத்துக்கு மேல கிரிவலப் பாதையில வண்டி வுட மாட்டாங்க, அதுக்குள்ள முடிக்கணும்னு அவருக்கும் அவசரம். வந்தாரு, பாத்தாரு, "வைரஸ்மா, ஃபார்மேட் போட்டுடலாம்"ன்னாரு. எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்லேந்து போட்டாரு. பில் போடுற புரோகிராமை நீ தனியா ஒரு இடத்துல வெச்சிருந்ததால அது தப்பிச்சுது, படமெல்லாம் திரும்ப வந்துடுச்சு. காபி டோக்கனும் நின்னுடுச்சு. அப்பாடான்னு இட்லியைத் தொட்டேன். அசையல. பொங்கலைத் தொட்டேன். ஊஹூம். தட்டினேன், குத்தினேன், சுவத்துல கை வெச்சாப்ல இருக்குது. அவரு குனிஞ்சு பாத்துட்டு, "டிரைவர் போயிடுச்சும்மா"ன்னாரு.

அன்னிக்கி டிப்போ போன்ல கேட்ட அதே வார்த்தை. அவரு பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்காரு. "டிரைவர் சிடி வெச்சிருக்கீங்களா?" எனக்கு டிரைவர்னா ஒருத்தருதான்டா. "இல்லீங்களே"ன்னேன். அவரும் நெட்டுல தேடிப் பாத்தாரு. "ரொம்பப் பழைய மாடல், இதுக்குக் கெடைக்கல. புதுசு வாங்கிடுங்க"ன்னு சொல்லிட்டு, வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். அவரு சரியாத்தான் கேட்டாரு. நான்தான் அவரு கேட்டது வேற, நம்ம வீட்டு வார்த்தை வேறங்கிறதை மறந்துட்டு இல்லைன்னுட்டேன். இதை நீ கொஞ்சம் மனசுல வாங்கிக்க. நீ ஒரு வீட்டுல வளந்தவன், மருமக ஒரு வீட்டுல வளந்தவ. ஒரே சாமானுக்கு அவங்க வீட்டுல ஒரு பேரு, நம்ம வீட்டுல ஒரு பேரு இருக்கும். சாமானுக்கு மட்டுமா, கோவத்துக்கும் அப்படித்தான். நம்ம வீட்டுல கோவம்னா கத்துவோம், அவங்க வீட்டுல கோவம்னா பேசாம இருப்பாங்களோ என்னமோ. அவ ஒண்ணு கேட்டா பட்டுன்னு 'இல்லை'ன்னு சொல்லிடாத. எதைக் கேக்குறேன்னு இன்னொரு தடவை கேளு. அவ டிரைவர்னு கேக்குறது உன்கிட்ட கண்டக்டர்ங்கிற பேருல பத்திரமா இருக்கும்.

அப்ப மணி பன்னெண்டு. மூணு மணியிலேந்து ஜனம் வர ஆரம்பிச்சுடும். கையால டோக்கன் எழுதிக் குடுத்து அன்னிக்கிப் பொழுதை ஓட்டியிருக்கலாம், முன்னாடி அப்படித்தானே ஓட்டினோம். உனக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்லை. ஆனா அது ஏமாத்து. மெஷின் நின்னா வந்துடறேன்னு சொன்னவ நான். அதனால எனக்கு நானே ஒரு கெடு வெச்சேன். மூணு மணிக்குள்ள மெஷின் ஓடலைன்னா, நானே உனக்குப் போன் பண்ணி, நின்னுடுச்சுடா, வந்து கூட்டிட்டுப் போன்னு சொல்லிடறது. சாந்திகிட்டயும் சொல்லிட்டேன். அவ தோசைக்கல்லைத் தொடச்சுக்கிட்டே இருந்தா.

டைரியை எடுத்துக்கிட்டு உக்காந்தேன். முதல் பக்கத்துலயே, என் கையெழுத்துல, கொட்டை எழுத்துல எழுதியிருக்கேன்: 'கண்டக்டர் சிடி – சாமி அலமாரி, கீழ்த்தட்டு, கற்பூர டப்பாவுக்குப் பின்னாடி.' ஐயோ, ஐயோன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். ஓடிப் போய்ப் பாத்தா, இருக்குது! உறையில நானே 'கண்டக்டர்'னு எழுதி வெச்சிருக்கேன். ரிப்பேர்காரரு நின்ன எடத்துலேந்து பத்தடி தூரம்கூட இல்லை.

மேஜை டிராயர்லேந்து மவுஸை எடுத்து மாட்டினேன். டைரியில அடுத்த வரி, 'மை கம்ப்யூட்டர் படத்துல மவுஸோட வலது பக்கத்தைத் தட்டு, மேனேஜ், அப்புறம் டிவைஸ் மேனேஜர். மஞ்சள் கலர்ல ஆச்சரியக்குறி இருந்தா கண்டக்டர் ஏறலைன்னு அர்த்தம்.' இருந்துச்சுடா, மஞ்சள் குறி! சொன்னா சிரிப்ப, அதைப் பாத்ததும் எனக்குத் தெம்பே வந்துடுச்சு. புத்தகத்துல படிச்சது கேள்வித்தாள்ல வந்தாப்ல. சிடியைப் போட்டேன். உள்ளே ரெண்டு பெட்டி. ஒண்ணுல முப்பத்திரெண்டு, இன்னொண்ணுல அறுபத்திநாலு. ஜாஸ்தி இருக்கிறதுதானே நல்லதுன்னு அறுபத்திநாலைத் தட்டினேன். செவப்பு வட்டத்துல பெருக்கல் குறி போட்டு வெளிய தள்ளிடுச்சு. மறுபடி தட்டினேன், மறுபடி தள்ளுச்சு. டைரியைப் பொரட்டினா, நாலு பக்கம் தள்ளி ஒரு மூலையில நீ சொன்னதை எழுதியிருக்கேன்: 'நம்மது பழைய வண்டி. முப்பத்திரெண்டுதான் தாங்கும்.' சரிடா சாமின்னு கம்மியா இருக்கிறதைத் தட்டினேன். பச்சைக் கோடு மெதுவா நகருது. நான் உயிரைக் கையில புடிச்சுக்கிட்டுப் பாக்குறேன். பாதியில என்னமோ இங்கிலீஷ்ல கேட்டுச்சு. டைரியில, 'எஸ், நோ கேட்டா எஸ். பயப்படாத'ன்னு இருந்துச்சு. 'பயப்படாத'ன்னு நீ எப்ப சொன்னன்னு ஞாபகம் இல்லை. ஆனா எழுதி வெச்சிருக்கேன். எஸ்ஸைத் தட்டினேன்.

நிறுத்திப் போட்டேன். அப்புறம் தொடுற எடம் சரியா இருக்குதான்னு பாக்குற அந்தக் கூட்டல் குறி வந்துச்சு, நாலு மூலையிலயும் ஒவ்வொண்ணா. 'நடுவுல விரலை வெச்சு, கொஞ்சம் அழுத்தி, அது மறையிற வரைக்கும் எடுக்காத.' அப்படியே செஞ்சேன். மூணு மூலை முடிஞ்சுது. கீழ வலது மூலையில மட்டும், நான் விரல் வெக்கிறதுக்கு முன்னாடியே குறி மறைஞ்சுடுச்சு. என்னமோ வேகமா வேலை செய்யுதுன்னு நெனச்சுக்கிட்டேன். இட்லியைத் தொட்டேன். இட்லி டோக்கன் வந்துச்சு! "சாந்தி!"ன்னு கத்தினேன். அவ திரும்பிப் பாத்தா. நான் பொங்கலைத் தொட்டேன், பொங்கல் வந்துச்சு. அடுத்தாப்ல, யாரும் தொடாமலே, ஒரு காபி. இன்னொரு காபி. சாந்தி கரண்டியைக் கீழ போட்டுட்டு ரெண்டு கையையும் மேல தூக்கிட்டா. "அக்கா, நான் இங்க நிக்கிறேன். நல்லாப் பாத்துக்குங்க. என் கை ரெண்டும் இங்க இருக்குது"ன்னா. அஞ்சு நாள் கழிச்சு அவ பேசின முதல் பேச்சு அதுதான். எனக்கு மூஞ்சியை எங்க வெச்சுக்கிறதுன்னே தெரியல.

மணி ரெண்டரை. திரும்பவும் அழிச்சுட்டு முதல்லேந்து போடலாமான்னு சிடியைக் கையில எடுத்துட்டேன். அப்பத்தான் உங்கப்பா ஞாபகம் வந்துச்சு. நீ அப்ப ரெண்டாங்கிளாஸ், அவரு ஓட்டுற வண்டியிலயே நாம போயிக்கிட்டு இருந்தோம். போளூர் தாண்டினதும் வண்டி நின்னுடுச்சு. உள்ளே அத்தினி பேரும் கத்துறாங்க. கண்டக்டர் பானெட்டைத் தூக்குறாரு. உங்கப்பா மட்டும் எறங்கி, கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு, வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்தாரு. பின்னாடி புகைக்குழாய்ல யாரோ துணியை அடைச்சு வெச்சிருக்காங்க. புடுங்கிப் போட்டாரு, வண்டி கிளம்பிடுச்சு. "எறங்கி ஒரு சுத்து சுத்திப் பாக்காம ஸ்பேனரைத் தொடக்கூடாது"ன்னு நம்மகிட்ட சொன்னாரு. அந்த மனுஷன் பெருசா புத்தி சொன்ன ஆளு இல்லை. சொன்னது இந்த ஒண்ணுதான். நானும் அன்னிக்கி சிடியைக் கீழ வெச்சுட்டு எழுந்து, மேஜையைச் சுத்தி வந்தேன். மலையைச் சுத்துற ஊர்ல பொறந்துட்டு மேஜையைச் சுத்த இத்தினி நாளாயிருக்குது எனக்கு.

முன்னாடி வந்து நின்னு, சட்டத்தை உத்துப் பாத்தேன். மேல வெச்ச சந்தனமெல்லாம் காஞ்சு உதுந்துடுச்சு. ஆனா பன்னீர் ஜாஸ்தியா போட்டேன்னு சொன்னேனே, அது ஒழுகி, ஓரமாவே எறங்கி, கீழ வலது மூலையில சட்டத்தோட உள்பக்கம் கெட்டியா சேந்து ஒக்காந்துக்கிட்டு இருக்குது, மேல கொஞ்சம் குங்குமத்தோட. அந்த மூலையில ஸ்க்ரீன்ல என்ன படம் இருக்குதுன்னு பாத்தேன். காபி! டைரியைப் பரபரன்னு பொரட்டினேன். வேலைக்குச் சம்பந்தமே இல்லாம, நீ ஒரு நாள் பேச்சுவாக்குல சொன்னதை எழுதி வெச்சிருந்தேன்: 'இந்த ஸ்க்ரீனுக்குத் தொட்டா தெரியாது. சட்டத்துல சுத்தியும் கண்ணு இருக்குது. விரல் குறுக்க வந்தா அது பாக்கும்.' கண்ணுடா! நெத்தின்னு நெனச்சு, நான் அதோட கண்ணுலயே பொட்டு வெச்சிருக்கேன்! பாவம், அந்த மூலையில யாரோ விரலை வெச்சுக்கிட்டே இருக்காங்கன்னு நெனச்சு, அது அஞ்சு நாளா காபி காபின்னு கதறிக்கிட்டு இருந்திருக்குது.

காது குடையிற பஞ்சுக்குச்சியை லேசா நனைச்சு, கொழந்தைக்குக் கண்ணு தொடைக்கிறாப்ல, ஓரம் பூரா மெள்ளத் தொடச்சேன். காய வுட்டேன். கூட்டல் குறியைத் திரும்பவும் வர வெச்சேன். இந்தத் தடவை நாலாவது மூலை எனக்காகக் காத்துக்கிட்டு நின்னுச்சு. அழுத்தினேன், மறைஞ்சுது. இட்லி, இட்லி. பூரி, பூரி. காபியைத் தொடாம ரெண்டு நிமிஷம் கையைக் கட்டிக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு நின்னேன். வரல. சத்தியமா வரல! மணி மூணுக்கு அஞ்சு நிமிஷம். "ஓடிடுச்சுடி!"ன்னு நான் போட்ட சத்தத்துல ரோட்டுல தேங்கா விக்கிறவரு உள்ளே எட்டிப் பாத்துட்டுப் போனாரு.

நேரா சாந்திகிட்டப் போனேன். "தப்பு என்னுதுடி. நான் வெச்ச சந்தனம்தான். நாலு பேரு முன்னாடி உன்னைக் கேட்டேன், நாலு பேரு முன்னாடியே மன்னிப்புக் கேக்குறேன்"ன்னு, அப்ப டீ குடிச்சுக்கிட்டு இருந்தவங்களை எல்லாம் சாட்சிக்கு வெச்சுக்கிட்டுக் கேட்டேன். அவ, "அஞ்சு நாளா தோசைக்கல்லைப் பாத்துக்கிட்டே அழுதேன்க்கா. நீங்க வெங்காயம்னு நெனச்சுட்டீங்க"ன்னா. ஆமாடா, வெங்காயம்னுதான் நெனச்சேன். பக்கத்துல நிக்கிறவ கண்ணுல தண்ணி வந்தா அது எதுக்குன்னு கேக்கணும், நாமளா ஒரு காரணம் வெச்சுக்கக்கூடாது. உங்களுக்குள்ள சண்டை வரும், வராம இருக்காது. வந்தா, அந்த ரிப்பேர்காரரு மாதிரி அவசரப்பட்டு ஃபார்மேட் போட்டுடாத. இருக்கிறதையெல்லாம் அழிச்சுட்டாலும், மூலையில ஒட்டியிருக்கிறது அங்கயேதான் இருக்கும். எழுந்து ஒரு சுத்து சுத்திப் பாரு. முக்காவாசி நேரம் அன்பா வெச்ச ஏதோ ஒண்ணுதான் வெக்கக்கூடாத எடத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். நீ பேசியிருக்கிற டெம்போவும் அப்படித்தான். அன்பாத்தான் வெச்சிருக்க. கண்ணுல வெச்சுட்ட.

மூணு மணிக்கு ஆரம்பிச்ச கூட்டம் கண்ணு, சொல்லி மாளாது. நான் மெஷின் முன்னாடி நின்னேன். தொடுறேன், வருது. தொடுறேன், வருது. ஒரு டோக்கன் பிசகல. மத்த பௌர்ணமிக்கெல்லாம் எப்ப நிக்குமோ, எப்ப உனக்குப் போன் பண்ணணுமோன்னு அதையே பாத்துக்கிட்டு இருப்பேன். அன்னிக்கித்தான் ஜனங்க மூஞ்சியைப் பாத்து, "வாங்க, எத்தினி பேரு"ன்னு கேட்டு வேலை பாத்தேன். அந்தக் காபி குடிக்காத பெரியவரு வந்தாரு, பேரப்புள்ளைங்களோட. பொங்கல் டோக்கனை எண்ணிப் பாத்துட்டு, "காபி இல்லையே, மெஷினுக்கு ஒடம்பு சரியாயிடுச்சா?"ன்னாரு. "கண்ணு தொறந்துடுச்சுங்க"ன்னேன்.

அந்த நேரத்துலதான் நீ போன் பண்ண. உன் குரல்லயே கவலை. இந்தப் பக்கம் நாதஸ்வர ரெக்கார்டு, மைக்கு, தோசைக்கல்லு சத்தம். "என்னம்மா, நின்னுடுச்சா?"ன்னு கேட்ட. நான் தலையைத் தூக்கி வெளிய பாத்தேன். கொட்டகையைத் தாண்டி, தேங்காக்கடையைத் தாண்டி, வேப்பமரத்தையும் தாண்டி வரிசை போயிக்கிட்டே இருக்குது. சந்தோஷத்துல எனக்கு வேற ஒண்ணும் வாயில வரல. "நிக்குதுடா!"ன்னு கத்தினேன். "சரி, நான் பாத்துக்கிறேன், நீ கவலைப்படாத"ன்னு வெச்சுட்ட.

நின்னது மெஷின் இல்லடா. ஜனம்.

அதனால டெம்போ வேணாம். அடுத்த பௌர்ணமிக்கு நீயும் மருமகளும் பஸ் ஏறி வாங்க. சரி பண்றதுக்கு இல்லை, சாப்பிடுறதுக்கு. ஓனர் புள்ளைன்னு உள்ளே பூந்து வரக்கூடாது. வேப்பமரத்தாண்ட போய் வரிசையில நில்லு. உன் முறை வரும்போது உனக்கு என்ன வேணும்னு நான் கேப்பேன்.

இப்படிக்கு,
அடி அண்ணாமலை டிரைவரம்மா